கையில் காசு குறைவு, பை தயாராக வேண்டும்: அவசர வெளியேற்றப் பை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம், தீ, புயல், நிலநடுக்கம், வாயுக் கசிவு என எதுவாக இருந்தாலும், ‘உடனே கிளம்புங்கள்’ என்று சொன்ன பிறகு கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்து நின்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்றே தோன்றாது. அதற்காக முன்கூட்டியே கட்டி வைக்கும் பை இது. அதிகச் செலவு செய்ய முடியாதவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தப் பை எத்தனை நாளைக்கு?

மூன்று நாள், அதாவது 72 மணி நேரம். பேரிடர்க்காலத்தில் வெளியிலிருந்து உதவி ஒழுங்காக வந்து சேர அவ்வளவு நேரமாகலாம் என்பதுதான் பரவலான கணக்கு. காட்டுக்குள் போய் வாழ்வதற்கான பை என்று நினைத்துக்கொண்டு கத்தி, கயிறு, தீப்பெட்டி என்று அடுக்க வேண்டாம். பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் ஒரு முகாம், ஒரு பள்ளிக் கட்டடம், இல்லையென்றால் உறவினர் வீடு.

அங்கே என்ன கிடைக்காது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. கூரை கிடைக்கும். கொஞ்சம் தாமதமானாலும் சாப்பாடு கிடைக்கும். உங்கள் பவருக்கான மூக்குக் கண்ணாடி கிடைக்காது. நீங்கள் தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரை கிடைக்காது. தங்கையின் போன் நம்பரை யாரும் சொல்லமாட்டார்கள். பையில் முதல் இடம் இப்படிப்பட்டவற்றுக்குத்தான். நல்ல விஷயம், இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வீட்டில் இருப்பவை.

இந்த மாதம் ஒரு காசுகூட ஒதுக்க முடியாது. ஏதாவது செய்ய முடியுமா?

நிறையவே செய்யலாம். ஒரு சாயங்காலம் போதும். பழைய பள்ளிப் பை ஒன்றை எடுங்கள். பவர் மாறியதால் ஒதுக்கிப் போட்ட மூக்குக் கண்ணாடி இருக்குமே, அதை ஒரு சாக்ஸுக்குள் திணித்துப் பையில் போடுங்கள். மங்கலாகத் தெரிந்தாலும் ஒன்றுமே தெரியாததைவிட மேல். ஆளுக்கு ஒரு செட் துணி, ஒரு துண்டு. பாதி தேய்ந்த சோப்பு, பழைய டூத் பிரஷ், சீப்பு. காலியான குளிர்பான பாட்டில் இரண்டைக் கழுவி, தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒரு தாளில் முக்கியமான பத்து போன் நம்பர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேனா, ஊசி நூல், நாலைந்து பிளாஸ்டிக் கவர்.

இவ்வளவுக்கும் கடைக்கே போகவில்லை. இன்றிரவு கிளம்பச் சொன்னாலும் வெறுங்கையோடு போகமாட்டீர்கள்.

மறுமாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். என்னைக் கேட்டால் வாங்கும் வரிசை இதுதான்: முதலில் ஒரு வார மாத்திரை, அடுத்து டார்ச், அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, அதன்பின் பவர் பேங்க். ரேடியோ கடைசியில் வரட்டும். வீட்டில் எல்லோரும் ஏதாவது வாங்கப் போகும்போது பைக்கென்று ஒரே ஒரு சின்னப் பொருள் கூடுதலாக எடுத்து வந்தால் ஆறு மாதத்தில் பை நிறைந்துவிடும், செலவும் உறைக்காது.

எந்த மாதிரிப் பை நல்லது?

இரண்டு தோளிலும் மாட்டும் பை. கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். ஒன்று குழந்தையைப் பிடிக்க, இன்னொன்று மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிக்க. சக்கரம் வைத்த சூட்கேஸ் முழங்கால் தண்ணீரில் சுமைதான்.

பழைய பையில் முதலில் கெடுவது தோள்வார் தைத்திருக்கும் இடம். பையை நிரப்பி, வாரைப் பிடித்து நாலைந்து முறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நூல் விட்டால் இரட்டை நூலில் தைத்துக்கொள்ளலாம். ஜிப் சிக்கினால் மெழுகுவர்த்தியை அதன் பல் மேல் தேய்த்தால் ஓடும்.

மழைக்கு நனையாத பை என்று தனியாக வாங்கத் தேவையில்லை. கனமான பெரிய குப்பைக் கவரைப் பைக்கு உள்ளே விரித்து, அதற்குள் பொருட்களை அடுக்கி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். வெளிப்பை ஊறினாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? சுமக்க முடியுமா?

கணக்கு இங்கேதான் இடிக்கும். குடிக்கவும் கொஞ்சம் சமையலுக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று லிட்டர் என்று வையுங்கள். மூன்று நாளைக்கு ஒன்பது லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பம் என்றால் 36 கிலோ. யாரும் சுமக்கப் போவதில்லை.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்தில் மூடி போட்ட கேனில் தண்ணீர் இருக்கட்டும். வண்டி கிடைத்தால் ஏற்றிக்கொள்ளலாம், வீட்டிலேயே மாட்டிக்கொண்டாலும் உதவும். நடந்து போக நேர்ந்தால் ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு, போகிற இடத்தில் கிடைக்கும் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் வழியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகள் பல. அடுப்பு கிடைத்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை. கையடக்கமானது, கவர் மேலே அளவு போட்டிருக்கும், விலையும் குறைவு. அதுவும் இல்லாதபோது, வாசனையோ சோப்போ சேர்க்காத வீட்டுப் பிளீச் உதவும். 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ளது என்றால் தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கிய தண்ணீருக்கு 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் விடுங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். பிளீச் நாளாக ஆக வீரியம் இழக்கும், அதனால் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததை நம்ப வேண்டாம்.

ஒன்றுமே இல்லையா? நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பிப் படுக்கவைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் விட்டால் கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் முழுக்க வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீருக்கு இது சரிப்படாது. முதலில் துணியை நாலாக மடித்து வடிகட்டித் தெளியவிடுங்கள்.

பெட்ரோல், பூச்சிமருந்து கலந்த தண்ணீரை மேலே சொன்ன எதுவும் சரிசெய்யாது. வெள்ளநீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

சாப்பிட என்ன வைப்பது?

சமைக்கத் தேவையில்லாதது, தாகத்தைக் கூட்டாதது, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது. வறுத்த கடலை, உலர்பழம், பிஸ்கட் போதும். அவசரத்துக்கு என்றே விற்கும் சத்துக்கட்டிகளுக்குப் பணம் போட வேண்டாம். மூடியைக் கையால் திறக்க முடியாத டின் வைத்தால் திறப்பானும் வையுங்கள்; பலர் மறப்பது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் சொல்வது. முதல் முறை நான் கட்டிய பையில் சோப்பையும் பிஸ்கட்டையும் ஒரே கவரில் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் பிரித்தபோது பிஸ்கட் மொறுமொறுவென்றுதான் இருந்தது. கடித்தால் மல்லிகை வாசனை சோப்பு. கொறிக்கப் போன பையன் துப்பிய துப்பு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது சோப்பை மூடி போட்ட டப்பாவில் போட்டு, பையின் வெளி ஜிப்பில் வைக்கிறேன்.

தினமும் மாத்திரை போடுகிறவர்கள் என்ன செய்வது?

இந்தப் பையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சாப்பாடு ஒரு நாள் தாமதமானால் தாங்கலாம்; வலிப்பு மாத்திரையோ இதய மாத்திரையோ நின்றால் தாங்காது. குறைந்தது ஒரு வாரத்துக்கு உரியது பையில் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வாங்குவது கஷ்டம் என்றால், ஒவ்வொரு மாதமும் மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே புதியதை வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் இரண்டு நாள் மாத்திரை பைக்குப் போகட்டும். நாலு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேலேயே சேர்ந்துவிடும். அதன்பிறகு புதிதாக வாங்கியதைப் பையில் வைத்து, பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுங்கள். அப்போதுதான் காலாவதி ஆகாது.

அட்டையை வெட்டும்போது கவனம் வேண்டும். காலாவதி தேதி பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த ஓரம் இருக்கும் துண்டு பைக்குள் போகட்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து பிய்த்துத் தினமும் சாப்பிடுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரே டப்பாவில் கொட்டினால் அவசரத்தில் எது எதுவென்று மருத்துவராலும் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டின் நகலும் உடன் இருக்கட்டும்.

இன்சுலினைப் பையில் வைக்க முடியாது. அதனால் பையின் ஜிப்பில் ‘ஃபிரிட்ஜில் இன்சுலின்’ என்று ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு 30 டிகிரி செல்சியஸுக்குள் சுமார் நாலு வாரம் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். குளிர்பெட்டி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளிச்சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

மற்றபடி பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், கிருமிநாசினி, காயத்துக்குக் கட்டும் துணி. ஓஆர்எஸ் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

ஆவணங்களை அசலாகவே பையில் வைக்கலாமா?

வேண்டாம். பையில் நகல்கள் போதும். அசல்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் கிளம்பும்போது கையோடு எடுத்துவிடலாம். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீடு, பிறப்புச் சான்று, சான்றிதழ்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். காசு செலவில்லாத லாக்கர் அது. பை தொலைந்தால் நகல்களும் கூடவே போகும் என்பதால், கடவுச்சொல், ரகசிய எண் எதையும் அதில் எழுத வேண்டாம்.

குடும்பமாக எடுத்த படம் ஒன்றை அச்செடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் ‘இவரைப் பார்த்தீர்களா’ என்று காட்டவும், இது என் பிள்ளை என்று நிரூபிக்கவும் உதவும்.

பணம் எவ்வளவு?

முடிந்த அளவு, எவ்வளவு என்பதைவிடச் சில்லறையாக இருப்பது முக்கியம். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் கார்டும் போனில் பணம் அனுப்புவதும் நின்றுவிடும். பெரிய நோட்டுக்கு மிச்சம் தர யாரிடமும் இருக்காது. வாரம் ஒரு சிறு நோட்டாகப் பைக்குள் போட்டு வாருங்கள். எடுத்துச் செலவழிக்கும் ஆசை வரும், அதனால் கவரை ஒட்டிவிடுங்கள்.

போனில் டார்ச் இருக்கிறதே, தனி டார்ச் எதற்கு?

போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும் என்பதால். சாதாரண எல்இடி டார்ச் போதும், ஆனால் வீட்டில் மற்றவற்றுக்குப் போடும் அதே அளவு பேட்டரி போடுவதாகப் பாருங்கள். பேட்டரியை உள்ளேயே விட்டு வைக்காதீர்கள். ஒரு மழைநாளில் மின்சாரம் போனபோது பையிலிருந்து டார்ச்சை எடுத்து அமுக்கினால் எரியவில்லை. பின்மூடியைத் திருகித் திறந்தால் வெள்ளைப் பொடி பூத்து, ஸ்பிரிங் துருவேறி, பேட்டரி வெளியே வரவே மறுத்தது. அல்கலைன் பேட்டரி நாள்பட்டால் அப்படித்தான் கசியும். கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, டார்ச்சோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

இருட்டில் ஓர் அறைக்கே வெளிச்சம் வேண்டுமா? வெள்ளை நிறப் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் நிரப்பி, டார்ச்சை அதன் மேல் அழுத்திப் பிடித்தால் கேன் முழுவதும் விளக்குபோல ஒளிரும். மெழுகுவர்த்தி மலிவுதான், ஆனால் வாயுக் கசிவு, கூட்டம், குழந்தைகள் உள்ள இடத்தில் அது ஆபத்து. நான் வைப்பதில்லை.

கூடவே ஒரு விசில். இடிபாட்டிலோ வெள்ளத்திலோ தொண்டை சீக்கிரம் கட்டிவிடும், விசில் தொடர்ந்து ஊதலாம். மூன்று முறை ஊதி நிறுத்தி மறுபடி மூன்று முறை ஊதினால் உதவி கேட்பதாகப் பொருள்.

போன் சார்ஜ் எத்தனை நாள் தாங்கும்?

நீங்கள் விட்டால் மூன்று நாள்கூடத் தாங்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ஒரு முறை மட்டும் திறந்து பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது அழைப்பு போகாது, குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வெளியூரில் இருக்கும் ஒருவரைக் குடும்பத்துக்குப் பொதுத் தொடர்பாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவருக்குத் தகவல் சொன்னால் அவர் மூலம் எல்லோருக்கும் போகும். அவருடைய எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இன்று நம்மில் எத்தனை பேருக்கு இரண்டு நம்பராவது மனப்பாடம்?

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தனிப் பை வேண்டுமா?

ஐந்தாறு வயதுக் குழந்தையால் தன் துணி, சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு விளையாட்டுப் பொருள் சுமக்க முடியும். பெயர், பெற்றோர் எண், ஒவ்வாமை இருந்தால் அது, எல்லாம் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்திவிடுங்கள். கைக்குழந்தை என்றால் துணி டயப்பர் கூடுதலாக. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முகாமிலும் அதுவே பாதுகாப்பு. பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்குப் பவுடரோடு கொதித்த தண்ணீருக்கும் வழி வேண்டும்.

பெரியவர்களுக்கு மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவியின் பேட்டரி, பல்செட் டப்பா, கைத்தடி. நாப்கினை மறக்க வேண்டாம். காயத்துக்கு அழுத்திப் பிடிக்கவும் அது உதவும்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கிட் வாங்கலாமா?

பணம் குறைவு என்றால் வேண்டாம். நூறு பொருள் என்று போட்டிருப்பார்கள். எண்ணினால் அறுபது பிளாஸ்டரும் பஞ்சுமாக இருக்கும். உங்கள் மாத்திரை, உங்கள் கண்ணாடி எந்தக் கிட்டிலும் கிடையாது.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்? எங்கே வைப்பது?

நடந்து பழக்கமில்லாதவருக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வசதி. ஐம்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோ. எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஏறி, பையில்லாமல் ஏறி, கழித்துப் பாருங்கள். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள், மாடியிருந்தால் ஏறி இறங்குங்கள். திரும்பி வரும்போது எதைத் தூக்கி எறியலாம் என்று நீங்களே சொல்வீர்கள். நான் முதல் நடையில் இரண்டாவது போர்வையையும் ஒரு கனத்த புத்தகத்தையும் எடுத்தேன்.

வைக்கும் இடம் வாசலுக்கு அருகே, தரையிலிருந்து உயரத்தில். பரண் வேண்டாம். பக்கத்திலேயே கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ. உடைந்த கண்ணாடியும் ஆணியும் கிடக்கும் தெருவில் ரப்பர் செருப்பு போதாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை பிரித்துப் பார்ப்பது?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பிள்ளைகளின் துணி அளவு மாறியிருக்கும், தண்ணீர், பிஸ்கட், மாத்திரை மாற்ற வேண்டும். பவர் பேங்கை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள், தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி மேலே வைத்தால் முழுதாகப் பிரிக்காமலே பார்த்துவிடலாம்.

நாய், பூனை இருந்தால்?

கழுத்துப்பட்டி, கயிறு, மூன்று நாள் தீனி, தடுப்பூசிச் சீட்டு. எல்லா முகாமிலும் விலங்குகளை அனுமதிப்பதில்லை. எங்கே விடலாம் என்று முன்பே யாரிடமாவது கேட்டு வையுங்கள்.

கிளம்பும் நேரத்தில் பையை எடுத்தால் போதுமா?

நேரமிருந்தால் காஸை மூடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். தரையில் தண்ணீர் நின்றால் சுவிட்சுப் பக்கம் போகாதீர்கள். வாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் அப்படியே வெளியேறுங்கள். ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கும். ஆகவே வழியை முன்பே பார்த்து வையுங்கள். ஆளுக்கொரு திசையில் இருக்கும்போது செய்தி வந்தால் எங்கே கூடுவது என்று ஓர் இடத்தையும், அது போக முடியாததாகிவிட்டால் இன்னொன்றையும் பேசி வைத்து, அந்த இரண்டையும் பட்டியல் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

பை அறைக்குள் மாட்டிக்கொண்டு, தீயோ தண்ணீரோ நடுவில் வந்துவிட்டதா? அப்படியே விட்டுவிட்டு ஓடுங்கள்.